குளிரும் இதமும்: கிறிஸ்துமஸ் காலப் புதினங்களும் தமிழ் மொழிபெயர்ப்பும்

ஜாதவ்பூர்ப் பல்கலைக்கழகம் தோற்றம் பெற்ற நாள் 1955 டிசம்பர் 24. அதன் பட்டமளிப்பு விழாவும் அந்நாளிலேயே நிகழ்வது மரபு. மறுநாள் கிறிஸ்துமஸ். வங்காளிகள் அதனைப் 'பொரோதின்', அதாவது பெரிய நாள், என வழங்குவர். கிறித்தவரல்லாத இல்லங்களிலும் அன்று கேக் வாங்கப்படும். இந்தியாவில் ஒப்பிலக்கியத்திற்கெனத் தனித்துறை முதன்முதலில் அமைந்த இடம் என்ற வகையில் ஜாதவ்பூர் திறனாய்வாளர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் நன்கு அறிமுகமானது. 1956இல் அத்துறையைத் தொடங்கியவர் கவிஞர் புத்ததேவ போஸ். போதலேரை வங்கத்திற்குக் கொணர்ந்தவரும் அவரே. காப்பியங்களும் குறியீட்டியற் கவிதைகளும் ஒப்புநோக்கப்பெற்ற அவ்வளாகத்தைச் சூழ்ந்த தெருக்களில், டிசம்பர் விடுமுறையின்போது படிப்பார் கையில் இருப்பது பெரும்பாலும் வேறொரு நூல்வகை. பனி பொழியும் ஒரு சிற்றூர், விருந்தினர் நிறைந்த ஒரு பழைய வீடு, எரியும் கணப்பு, ஒரு சிறு மர்மம் அல்லது ஒரு பழைய மனத்தாங்கல், ஈற்றில் யாவும் சீராதல் என்னும் அமைப்புடைய கிறிஸ்துமஸ் காலப் புதினங்களே அவை. ஆங்கிலத்தில் 'கோஸி' என்னும் அடையால் குறிக்கப்பெறும் இவ்வகையை ஈண்டு 'இதப்புதினம்' என வழங்கலாம்.

இவ்வகை நூல்கள் திறனாய்வில் இடம்பெறுதல் அரிது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. மொழிபெயர்ப்பாளரும் இவற்றை எளிய பணி எனவே மதிப்பிடுகின்றனர். கதைப்போக்கு தெளிவானது, சொற்றொடர் சிறியது, தத்துவச் சிக்கல் ஏதும் இல்லை என்பன அவர்தம் காரணங்கள். ஆயின் தமிழாக்க நோக்கில் இவற்றை அணுகுங்கால், கடினமான பகுதி கதையன்று, கதையைச் சூழ்ந்துள்ள தட்பவெப்பமே என்பது புலனாகும். இதத்தைப் பெயர்ப்பதற்கு முன் குளிரைப் பெயர்த்தாக வேண்டும். அது நிகழாதவிடத்து, வாசகர் கைக்கு எஞ்சுவது ஒரு துப்பறியும் கதையின் எலும்புக்கூடு மட்டுமே.

'இதம்' என்னும் சொல்

'கோஸி' ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல். டேனியரின் 'ஹூகே', ஜெர்மானியரின் 'கெம்யூட்லிக்' ஆகியன இதற்கு அணுக்கமானவை. இவை யாவும் குளிர்நாட்டுச் சொற்கள். வெளியே உள்ள குளிரினின்றும் உள்ளே அடைந்த பாதுகாப்பு என்பதே இவற்றின் பொருட்கரு. ஆங்கிலத்தில் வரவேற்பு வெம்மையாயின் நன்று, தண்மையாயின் தீது. தமிழில் உணர்ச்சி பற்றிய உருவக அமைப்பு ஏறத்தாழ இதற்குத் தலைகீழானது. மனம் குளிர்கிறது, கண் குளிரக் காண்கிறோம், அருள் தண்ணருளாகவும் அளி தண்ணளியாகவும் அமைகின்றன. மாறாகச் சொல் சுடுகிறது, வயிறு எரிகிறது, நெஞ்சு கொதிக்கிறது.

இத்தலைகீழாட்டத்தை மிகைப்படுத்துவதும் பிழையாகும். வெம்மை என்னும் உரிச்சொல்லுக்கு விருப்பம் எனத் தொல்காப்பியம் பொருள் கூறுகிறது. விருந்தை விரும்புவோனை 'வெய்யோன்' எனல் பழைய வழக்கு. எனவே வெப்பத்திற்கும் அன்பிற்கும் தமிழில் உறவே இல்லை எனல் பொருந்தாது. அவ்வுறவு இன்று வழக்கிறந்தது என்பதே சரி. தற்காலத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் காணப்படும் 'வெதுவெதுப்பான வரவேற்பு' போன்ற தொடர்கள் பழைய 'வெய்யோன்' வழிவந்தன அல்ல, ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்புகளே. 'வெதுவெதுப்பு' என்றவுடன் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது பெரும்பாலும் குளிக்கும் நீராகும்.

'இதம்' என்னும் சொல் நடுநிலையானது. காற்றும் இதமாகலாம், வெயிலும் இதமாகலாம், சொல்லும் இதமாகலாம். அதன் வலிமையும் குறையும் அதுவே. 'கதகதப்பு' வெப்பத்தைக் காட்டும், பாதுகாப்பைக் காட்டாது. 'கோஸி'க்கு ஒரு தனிச்சொல்லைத் தேடும் முயற்சி இவ்விடத்தில் நின்றுவிடுகிறது எனலாம். அப்பண்பைச் சொல்லில் அன்றிக் காட்சியில் வைத்தே உணர்த்தவேண்டும் என்பதை மூலநூல்களே கற்பிக்கின்றன.

கணப்பும் கரித்துண்டும்

இவ்வகையின் மூலநூல் எனக் கருதப்பெறும் சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று வெளிவந்தது; முதற்பதிப்பின் 6,000 படிகளும் கிறிஸ்துமஸ்க்கு முந்திய நாளுக்குள் விற்றுத் தீர்ந்தன. ஆயின் அது இதப்புதினம் அன்று. அந்நூலில் வெப்பம் கரித்துண்டால் அளக்கப்படுகிறது. கரிப்பெட்டி ஸ்க்ரூஜின் அறையில் இருக்க, எழுத்தர் கிராட்சிட் மெழுகுவத்தியில் குளிர்காய முயல்கிறார். பின்னர் அறியாமை, வறுமை என்னும் இரு குழந்தைகள் ஆவியொன்றின் ஆடைக்கடியிலிருந்து வெளிப்படுகின்றனர். குளிர் எவர்க்கு உரியது, நெருப்பு எவர்க்கு உரியது என்னும் வினாவை டிக்கன்ஸ் கைவிடவில்லை. அவர்தம் நூலிலிருந்து கணப்பையும் விருந்தையும் எடுத்துக்கொண்டு அவ்வினாவை விட்டுவிட்டதே பிற்கால இதப்புதினங்களிற் பெரும்பாலானவற்றின் வரலாறு. சர்க்கரைப் பாகு போல் திகட்டும் நூல்களைத் திகட்டாதவற்றினின்றும் பிரித்தறிய இஃது ஓர் உரைகல்.

அகதா கிறிஸ்டி இதனை உணர்ந்தவர். 1938இல் வெளிவந்த 'ஹெர்க்யூல் பாய்ரோஸ் கிறிஸ்துமஸ்' டிசம்பர் 22 முதல் 28 வரை நாள்வாரியாகப் பகுக்கப்பட்டது. நாட்காட்டியே அதன் இயல் பகுப்பு. சிமியோன் லீ என்னும் முதியவர் தம் மக்களையெல்லாம் பண்டிகைக்கு வரவழைக்கிறார். 24ஆம் நாள் கொலையுண்கிறார். அதற்குச் சற்றுமுன் காவல் தலைவர் ஒருவர் வீட்டுக் கணப்பருகே பாய்ரோ அமர்ந்துள்ளார். விறகுத் தீக்கு நிகர் எதுவுமில்லை என வீட்டாருக்கு எண்ணம். முகத்தை நெருப்புச் சுடப் பிடரியில் குளிர்காற்று வீசுவதைப் பாய்ரோ உணர்கிறார். பண்டிகை நாளில் நல்லவராக நடிக்கும் முயற்சியே குடும்பத்தில் பகையை முற்றச் செய்யும் என்பதும் அவர் கருத்து. முன்புறம் வெப்பம், பின்புறம் குளிர் என்னும் அவ்வுடல் நிலை நூல் முழுமைக்கும் பொருந்துவதாகும். மொழிபெயர்ப்பாளர் அக்காற்றைச் சிறு விவரம் எனச் சுருக்கிவிடின் நூலின் நகைச்சுவையோடு அதன் திறனாய்வு நோக்கும் கெடும்.

1960இல் வந்த தொகுதியின் தலைப்புக் கதையான 'தி அட்வெஞ்சர் ஆஃப் தி கிறிஸ்துமஸ் புட்டிங்' இதனினும் வெளிப்படையானது. நாட்டுப்புற மாளிகையில் ஆங்கிலக் கிறிஸ்துமஸ் கொண்டாட வருமாறு பாய்ரோ அழைக்கப்படுகிறார். குளிரை எண்ணி மறுக்கிறார். அப்பழைய மாளிகையில் புதிய வெப்பமூட்டும் குழாய்கள் பொருத்தப்பட்டுள்ளன என்ற செய்தியே அவரை இசைய வைக்கிறது. ஆங்கிலேயர் கணப்பைப் போற்ற, பெல்ஜிய நாட்டவரான அவர் குழாயைப் போற்றுகிறார். ஓர் இனத்தின் 'இதம்' மற்றோர் இனத்தானுக்கு இதமாவதில்லை என்பதை நூலே கூறிவிடுகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இதனினும் பெரிய உதவியை மூல ஆசிரியர் செய்ய இயலாது.

ஜே. ஜெஃபர்சன் ஃபார்ஜனின் 'மிஸ்டரி இன் ஒயிட்' 1937இல் வெளிவந்து மறக்கப்பட்டது. 2014இல் பிரிட்டிஷ் நூலகம் மறுபதிப்புச் செய்தபோது விற்பனையில் முன்னணிக்கு வந்தது. பனியில் நின்றுவிட்ட ரயிலை விட்டிறங்கிய பயணிகள் ஒரு வீட்டை அடைகின்றனர். நெருப்பு எரிகிறது, தேநீருக்கு மேசை விரிக்கப்பட்டுள்ளது, கெண்டியில் நீர் கொதிக்கிறது, வீட்டில் எவருமில்லை. இதத்திற்குரிய பொருள்கள் யாவும் இருந்தும் மனிதர் இல்லாமையால் அவையே அச்சத்திற்குரியன ஆகின்றன. இவ்வகை நூல்களுள் ஆற்றல் மிக்க தொடக்கங்களில் இஃது ஒன்று. பின்வரும் பகுதிகள் அத்தொடக்கத்திற்கு ஈடுகொடுக்கவில்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

வங்கம் கண்ட வழி

இனி ஜாதவ்பூர் வாசகரை நோக்கலாம். கொல்கத்தாவில் சனவரித் திங்களின் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 14 பாகை செல்சியஸ், சென்னையில் 21. இந்த ஏழு பாகை வேறுபாடு ஒரு சொற்றொகுதியையே தோற்றுவித்துள்ளது. குளிர்காலத்தின் மெல்லிய இன்பத்தை வங்காளிகள் 'ஆமேஜ்' என்பர், பாரசீகவழிச் சொல். பஞ்சு நிரப்பிய போர்வை 'லேப்'. புதிய பேரீச்ச வெல்லம் 'நொலேன் குர்'. இவற்றோடு கமலா ஆரஞ்சு, பௌஷ சங்கராந்திக்குரிய 'பிட்டே', காதை மூடும் குல்லாய், மாடியில் காயும் வெயில் ஆகியன சேர்ந்து ஒரு நிறைவான குறியீட்டு அமைப்பாகின்றன. அதே வங்கமொழியில், நெஞ்சம் நிறைவுறுதலைக் குறிக்கும் 'ப்ராண் ஜுரானோ' என்னும் தொடர் உயிரைக் குளிர்வித்தல் என்றே பொருள்படும். தண்மையை இன்பமாகக் கொள்ளும் பழைய உருவகத்தை விடாமலே குளிர்காலக் கதகதப்பையும் இன்பமாக ஏற்றுக்கொண்ட மொழி வங்கம். உருவக அமைப்பு இரண்டிலொன்றாகவே இருத்தல் வேண்டும் என்னும் கருத்துக்கு இது நல்லதோர் எதிர்ச்சான்று.

ஆயின் 'ஆமேஜ்' தொன்றுதொட்டு எல்லார்க்கும் உரியதாக இருந்ததன்று. 16ஆம் நூற்றாண்டில் முகுந்தராமர் இயற்றிய சண்டிமங்கலத்தில் வேடன் மனைவி புல்லரா தன் பன்னிரு திங்கள் துயரையும் உரைக்கிறாள். குளிர்காலத்தில் உடுத்தப் போதிய ஆடையின்றி முழங்காலும் கதிரவனும் நெருப்புமே அவளுக்குப் போர்வையாகின்றன. போர்வையும் சுவரும் உடையார்க்கே குளிர் இன்பமாகும். 1947க்குப் பின் கிழக்கு வங்கத்தினின்றும் வந்தோர் ஜாதவ்பூரைச் சுற்றிப் பிஜய்கட் முதலிய குடியிருப்புகளைத் தம் கையால் எழுப்பிக்கொண்டனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அப்பகுதியில் குளிர்கால வாசிப்பின் இதம் என்பது ஒரு தலைமுறை உழைத்துப் பெற்ற கூரையின்கீழ் அமைந்தது.

பருவத்தையொட்டிப் படிக்கும் வழக்கத்தை வங்காளிக்கு அளித்தது கிறிஸ்துமஸ் அன்று, துர்க்கா பூஜை. 'சாரதீயா' எனப்படும் பூஜைச் சிறப்பிதழ்கள் முழுப்புதினங்களைத் தாங்கி வருவன. தாகூரின் 'லேபரட்டரி' 1940இல் அத்தகையதோர் இதழில் வெளியானதே. சத்யஜித் ராய் தம் ஃபெலூதா புதினங்களிற் பலவற்றை 1970 முதல் 'தேஷ்' பூஜை இதழுக்கென எழுதினார். அவற்றுள் 1972இல் வந்த 'பாக்ஸ ரஹஸ்ய' ஈண்டுச் சிறப்பாக நோக்குதற்குரியது. ரயிலில் மாறிப்போன ஒரு பெட்டி, அதனுள் இருந்ததாகக் கூறப்படும் பழைய திபெத்தியப் பயணக் கையெழுத்துப்படி, பனி படர்ந்த சிம்லா என விரியும் அக்கதை, ஆங்கிலக் கிறிஸ்துமஸ் மர்மத்திற்குரிய உறுப்புகள் பலவற்றைக் கிறிஸ்துமஸ் இன்றியே பெற்றிருக்கிறது. பனியை முன்பின் கண்டிராத நகரத்தார் பனியைக் காண்கின்றனர். அவர்தம் வியப்பே வாசகர் வியப்பு. குளிரை விளக்க அடிக்குறிப்பு தேவைப்படவில்லை. விளக்கவேண்டியதைப் பாத்திரங்களே உடலால் உணர்ந்து காட்டுகின்றனர். ஃபெலூதா கதைகள் தமிழிலும் வெளிவந்துள்ளன. அவை தமிழ் வாசகர்க்கு எளிதில் பொருந்துவதற்கு இவ்வுத்தியும் ஒரு காரணம் எனலாம்.

இலேசான நூல் என்பதனால் அறிஞர் புறக்கணிக்க வேண்டுவதில்லை என்பதற்கும் வங்கமே சான்று. வங்கமொழியின் வரலாற்றையும் சொற்பிறப்பையும் ஆராய்ந்த மொழியியலறிஞர் சுகுமார் சென், காளிதாசனைத் துப்பறிவாளனாக்கிக் கதைகள் எழுதினார். 1988இல் குற்றக் கதைகளின் வரலாற்றையும் தனி நூலாக வரைந்தார்.

தமிழிலோ நிலைமை வேறு. தீபாவளி மலர்கள் சிறுகதையும் கட்டுரையும் ஓவியமும் தாங்கி வந்தன. புதினம் வார இதழ்த் தொடராகவும், 1969இல் தொடங்கிய 'ராணிமுத்து' முதலாக மாத வெளியீடாகவும் வளர்ந்தது. மர்மக் கதை பருவத்தோடு அன்றிப் பேருந்துப் பயணத்தோடு பிணைந்தது. எனவே குறிப்பிட்ட ஒரு பருவத்திற்கென ஒரு கதையை எடுத்துவைத்துப் படிக்கும் எதிர்பார்ப்பைத் தமிழ் வாசகரிடம் மொழிபெயர்ப்பாளர் முன்கூட்டியே கொள்ள இயலாது.

தமிழில் குளிர் எங்குளது?

குளிர் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியம் கூதிரையும் முன்பனியையும் குறிஞ்சிக்கு உரியனவாக்குகிறது. ஆயினும் பாடல்களில் வாடை பெரும்பாலும் பிரிவுத் துயரை மிகுவிப்பதாகவே வீசுகிறது. நக்கீரரின் நெடுநல்வாடை இதன் முடிமணி. கோவலர் கொள்ளி ஏந்திய கையராய் நடுங்குகின்றனர். நகரில் விசிறிகள் பயனின்றித் தொங்குகின்றன. சந்தனக்கல் கிடந்தவாறே கிடக்கிறது. தென்றல் வரும் பலகணிகள் தாழிடப்படுகின்றன. குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. யாழின் நரம்புகளை வெப்பமேற்றிச் சுருதி கூட்ட வேண்டியுள்ளது. முதியரும் இளையரும் 'தடவு' என்னும் அகன்ற வாயுடைய நெருப்புக்கலத்தைச் சூழ்கின்றனர். வேனிற்கால இன்பப் பொருள்கள் ஒவ்வொன்றும் செயலற்றுக் கிடப்பதைக் காட்டியே குளிரை உணர்த்தும் இம்முறை, வெப்பநாட்டு வாசகர்க்குக் குளிரைப் பெயர்க்கும் முறைக்குத் தமிழிலுள்ள மிகச் சிறந்த முன்மாதிரி. 'தடவு' என்ற சொல்லை மீட்டெடுத்துக் கிறிஸ்டியின் மாளிகையில் வைக்க வேண்டும் என்பது கருத்தன்று. அது நகைப்பையே விளைக்கும். கணப்பு என்னும் வழக்குச் சொல் அங்குப் போதும். பெறவேண்டியது சொல்லன்று, முறை.

ஒரு வேறுபாடு மட்டும் தடையாக நிற்கும். நெடுநல்வாடையில் அடைக்கப்பட்ட அறை, சேர்ந்திருத்தலுக்கு உரியதன்று; அரசி கட்டிலில் தனித்து வருந்த, அரசன் பாசறையில் உறங்காது புண்பட்டோரைக் காண்கிறான். ஆங்கில மரபில் குளிர் குடும்பத்தைக் கூட்டுகிறது. தமிழ் மரபில் பிரிவை உணர்த்துகிறது. எனினும் கிறிஸ்டியின் நல்ல நூல்களில் கூடியவர் உள்ளத்தால் பிரிந்தவரே. அவ்விடத்தில் தமிழ் மரபு மொழிபெயர்ப்பாளர்க்குத் தடையாகாது துணையாகவும் அமையக்கூடும்.

பண்டிகைச் சொற்களைப் பொறுத்தவரை இன்னும் வியப்பான ஒரு புறக்கணிப்பு நிகழ்கிறது. தமிழ்க் கிறித்தவர் நாவில் கிறிஸ்துமஸ்க்குரிய சொற்றொகுதி நெடுங்காலமாக உயிருடன் உள்ளது. குடில், நட்சத்திரம் கட்டுதல், நடுச்சாமப் பூசை, கிறிஸ்துமஸ் தாத்தா, இரவில் வீடுவீடாகப் பாடிச்செல்லும் கேரல் பவனி ஆகியன தமிழ்நாட்டு வழக்கு. போர்த்துகேய 'நத்தால்' என்பதினின்றும் பிறந்த 'நத்தார்' ஈழத்து வழக்கு. குமரி மாவட்டத்தில் அப்பண்டிகைக்கு முந்திரிக்கொத்து செய்வர். மொழிபெயர்ப்பாளரோ இவர்களைக் கேளாமல் அகராதியைக் கேட்கின்றனர். விளைவாகத் திருநெல்வேலிச் சிற்றூரில் எவரும் எளிதில் கூறிவிடும் ஒன்று, அச்சில் ஒரு வரி நீள விளக்கமாகிறது.

இத்தொகுதி எல்லாவிடத்தும் உதவாது என்பதற்குப் பாய்ரோ உண்ட புட்டிங் தக்க சான்று. திருடிய மாணிக்கத்தைக் குற்றவாளிகள் புத்தாண்டுக்கென வைத்திருந்த புட்டிங்கில் மறைக்கின்றனர். கிறிஸ்துமஸ்க்குரியது கைதவறி விழுந்து சிதைந்துபோகப் புத்தாண்டுக்குரியது முன்னரே பரிமாறப்படுகிறது. கல் வீட்டுத் தலைவரின் வாயில் அகப்படுகிறது. அப்பண்டம் பல நாள் கெடாதது, கெட்டியானது, வீட்டார் அனைவரும் கிண்டி வேண்டுதல் செய்துகொள்வது, மதுவூற்றிக் கொளுத்திக் கொணரப்படுவது, துண்டாக வெட்டக்கூடியது. இவற்றுள் ஒன்று குறையினும் கதை நிகழாது. பாயசம் எனத் தமிழ்ப்படுத்தினால் மாணிக்கம் கரண்டியிலேயே அகப்பட்டுவிடும். கெடாமையும் கெட்டியும் நோக்கின் பொரிவிளங்காய் உருண்டை ஒன்றே அணுகி வரும்; ஆயின் அதற்கு நாள் குறிக்கப்பட்ட பண்டிகையில்லை, அதில் கல் இருந்தாலும் கடிப்பவர்க்கு ஐயம் எழாது. எனவே புட்டிங் புட்டிங்காகவே நிற்க வேண்டும்; அதன் பண்புகள் சமையலறைக் காட்சியிலேயே, கதை அவற்றை வேண்டும் முன்னர், வாசகர்க்குத் தெரிந்துவிட வேண்டும். விருந்தில் இருவர் இருமுனையும் பற்றி இழுக்கும் 'கிராக்கர்' என்னும் காகிதச் சுருளையோ பட்டாசு எனப் பெயர்த்தால், ஆங்கில மாளிகையின் உணவறையில் தீபாவளி வெடி வெடிக்கும்.

இக்கதையில் பாய்ரோவின் தலையணையின்மேல் ஒரு சீட்டுக் கிடக்கிறது. புட்டிங்கை உண்ண வேண்டா என எச்சரிக்கும் அதன் ஆங்கிலம் இலக்கணம் பிறழ்ந்தது. அதனை எழுதியவள் பணிப்பெண். மறைவில் கேட்ட உரையாடலால் அவர்க்கு நஞ்சிடப்போகிறார்கள் என அஞ்சியவள். மாளிகையில் உள்ளார் அனைவருள்ளும் விருந்தினரின் உயிரைப் பற்றி உண்மையாகக் கவலையுற்றவள் அவளே; கணப்பருகே அவளுக்கு இருக்கை இல்லை. அச்சீட்டைத் திருந்திய தமிழில் பெயர்த்தால் எழுதியவர் எவர் என்னும் குறிப்பு மறையும். பிழை மலிந்த தமிழில் பெயர்த்தால் எந்த வட்டாரப் பிழை, எச்சாதியார் பேச்சு என்னும் வினா உடனே எழும்; தமிழில் பிழைக்கும் ஊர் உண்டு. ஒற்று விடுபட்டும் முற்றுப்புள்ளி இன்றியும், பேச்சோசையை ஒட்டியும் எழுதப்பெற்ற, எந்த வட்டாரத்தையும் சுட்டாத இரு குறுந்தொடர்கள் போதுமானவை. அவற்றை அமைப்பதற்கு மொழிபெயர்ப்பாளர் செலவிடும் நேரம், மாளிகையின் வருணனை முழுவதற்கும் செலவிடும் நேரத்தைவிட மிகுதியாக இருப்பின் அது தகும்.